ஃ இப்போது என்ன வேலை பார்க்கிறது?

அக்கா மகள் ஒன்றாம் வகுப்பு. சுவரில் மாட்டியிருக்கும் எழுத்து அட்டையைக் குச்சியால் தொட்டுத் தொட்டு வாசித்துக்கொண்டிருந்தாள். அம்மா, ஆடு, இலை, ஈ என்று ரயில் மாதிரி வந்தவள் ஔவையாரைத் தாண்டியதும் கடைசிக் கட்டத்தில் கொஞ்சம் நின்றாள். படத்தில் நாலைந்து கம்பிகள். யோசித்துவிட்டு "எஃப்கு" என்றாள்.

"எஃகு" என்று திருத்தினேன். "மாமா, இது எஃப் தானே? ஃபேன்ல வருமே அது?" என்று திருப்பிக் கேட்டாள்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவள் கேட்டதில் தப்பே இல்லை. அவள் பிறந்ததிலிருந்து பார்த்த ஃ எல்லாமே அந்த வேலையைத்தான் செய்கிறது. ஃபேன் கடை, ஃபோட்டோ ஸ்டுடியோ, ஃபைனான்ஸ், எஃப்.எம். எஃகு என்ற சொல்லை அவள் அந்த அட்டையைத் தவிர வேறு எங்கும் பார்த்திருக்க வாய்ப்பில்லை, வீட்டில் நாங்கள் யாரும் எஃகு டம்ளரில் காபி குடிப்பதில்லை, எவர்சில்வர் டம்ளரில்தான் குடிக்கிறோம். ஒரு எழுத்து தன் பழைய வேலையை முக்கால்வாசி இழந்துவிட்டு, யாரும் உத்தரவு போடாமலேயே புது வேலையில் சேர்ந்துவிட்டது. அது எப்படி நடந்தது, பழைய வேலைதான் என்ன என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பெயர். ஆய்தம் என்பது இலக்கணப் பெயர். அஃகேனம், தனிநிலை, முப்பாற்புள்ளி என்றும் பழைய பெயர்கள் உண்டு. பள்ளியில் அக்கு, அக்கன்னா, அக்கேனா என்று ஊருக்கு ஒரு மாதிரி சொல்லிக்கொடுப்பார்கள். பொதுவாக வாயில் வருவது 'ஆயுத எழுத்து'. கேடயத்தில் மூன்று குமிழ் இருக்கும், அது போல இருப்பதால் ஆயுதம் என்று பெயர் வந்தது என்ற விளக்கத்தை நானும் படித்திருக்கிறேன், சின்ன வயதில் நம்பியும் இருக்கிறேன். ஆனால் பெயர் ஆய்தம்தான், ஆயுதம் இல்லை. தொல்காப்பிய உரியியலில் 'ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய், ஆவயின் நான்கும் உள்ளதன் நுணுக்கம்' என்று ஒரு நூற்பா வருகிறது. ஆய்தல் என்றால் இருப்பது நுணுகிப் போவது, தேய்ந்து மெலிவது. தேய்ந்த ஓசை என்பதால் ஆய்தம் என்பது எனக்குக் கேடயக் கதையைவிட எவ்வளவோ பொருத்தமாகப் படுகிறது, ஏனென்று கீழே வரும். வடமொழியில் சார்ந்தது என்று பொருள்படும் ஆஸ்ரிதம்தான் ஆய்தம் ஆனது என்று சொல்கிறவர்களும் உண்டு.

வடிவத்துக்கும் ஓர் அழகான விளக்கம் இருக்கிறது. தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர், இந்த எழுத்து அடுப்புக்கூட்டுப் போல மூன்று புள்ளி வடிவம் உடையது என்கிறார். மூன்று கல்லை முக்கோணமாக வைத்து மேலே பானையை ஏற்றுவோமே, அந்த அடுப்பு. உரையாசிரியர் உவமை தேடி அரண்மனைக்கோ போர்க்களத்துக்கோ போகாமல் சமையல்கட்டுக்குப் போயிருக்கிறார். கோயில் பொங்கலுக்கு வரிசையாக அடுப்பு மூட்டும்போது மேலேயிருந்து பார்த்தால் தெரு முழுக்க ஃ ஃ ஃ என்றுதான் இருக்கும்.

சரி, அது என்ன மாதிரி எழுத்து? தமிழில் 247 எழுத்து என்று கணக்குச் சொல்வோம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, கடைசியில் ஒற்றையாக இந்த ஃ. தொல்காப்பியத்தின் முதல் நூற்பா அகரம் முதல் னகரம் வரை எழுத்துகள் முப்பது என்று சொல்லிவிட்டு, சார்ந்து வரும் மரபுடைய மூன்றை அந்தக் கணக்கில் சேர்க்காமல் தனியே வைக்கிறது. குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் என்று அந்த மூன்றின் பெயரும் இரண்டாம் நூற்பாவில் வருகிறது. வேடிக்கை என்னவென்றால் முதல் நூற்பாவில் 'முப்பது' என்று இல்லை, 'முப்பஃது என்ப' என்று இருக்கிறது. ஃ-ஐக் கணக்கில் சேர்க்க மாட்டேன் என்று சொல்லும் வாக்கியத்திலேயே ஃ உட்கார்ந்திருக்கிறது.

சார்ந்து வருவது என்றால், தனியாக நிற்காது, அக்கம்பக்கம் ஆள் வேண்டும். அதற்கு விதி இருக்கிறது. முன்னால் ஒரு குறில் இருக்க வேண்டும், பின்னால் க ச ட த ப ற என்ற வல்லின ஆறில் ஒன்று உயிரோடு சேர்ந்து வர வேண்டும். எஃகு: எ குறில், நடுவில் ஃ, பிறகு க்+உ. அஃது, வெஃகு, கஃசு எல்லாம் இதே அச்சுதான். சொல்லின் முதலிலும் வராது, கடைசியிலும் வராது. இந்த மூன்று நிபந்தனையையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஃபேனிடம் வரும்போது தேவைப்படும்.

ஓசை அளவு அரை மாத்திரை, மெய்யெழுத்துக்கு இருப்பது போலவே. எப்படி ஒலிப்பது என்பதில்தான் குழப்பம். 13ஆம் நூற்றாண்டின் நன்னூல், ஆய்தத்துக்கு இடம் தலை, முயற்சி வாயைத் திறப்பது என்கிறது. வாயைத் திறந்து காற்றை விட்டால் வருவது கிட்டத்தட்ட ஹ் மாதிரியான ஒரு மூச்சு, அவ்வளவுதான். அஃது என்பதை 'அஹ்து' என்று சொன்னால் பக்கத்தில் போய்விட்டீர்கள். நடைமுறையில் நம் வாய் அந்த மூச்சைப் பிடித்து வைக்காது, பின்னால் வரும் வல்லினத்தோடு ஒட்டிவிடும், அதனால் எஃகு 'எக்கு' ஆகிவிடுகிறது. காஞ்சிபுரத்தில் திருவெஃகா என்ற கோயில் இருக்கிறது, சொன்னவண்ணம் செய்த பெருமாள் கோயில் என்றால் பலருக்குத் தெரியும், 108 திவ்ய தேசங்களில் ஒன்று. பெயர்ப்பலகையில் ஃ இருக்கிறது, பேச்சில் 'திருவெக்கா'தான். விசர்க்கம், அதாவது எழுத்தின் பின்னால் இரட்டைப் புள்ளியாக ஒட்டும் மூச்சொலி, வரும் வடசொல் தமிழுக்கு வரும்போதும் கிட்டத்தட்ட இதுதான் நடக்கிறது: மலையாளத்தில் இன்னும் விசர்க்கத்தோடு எழுதுகிற சொல் நம்மிடம் வெறும் 'துக்கம்'.

இந்த மூச்சு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பாதி இடங்களில் அது வேறொரு எழுத்தின் எச்சம். அல் + திணை என்பது அஃறிணை. பல் + துளி பஃறுளி, குமரிக்கண்டக் கதை கேட்ட எல்லோருக்கும் தெரிந்த ஆறு, புறநானூற்றின் 9ஆம் பாட்டில் 'நன்னீர்ப் பஃறுளி மணலினும் பலவே' என்று வருகிறது. பல் + தொடை பஃறொடை. சொல்லின் கடைசியில் இருந்த ல், பின்னால் வந்த தகரத்தோடு மோதும்போது தகரம் றகரமாகிறது, ல் தேய்ந்து வெறும் மூச்சாக நிற்கிறது. ள் வந்தாலும் அதே கதை: முள் + தீது = முஃடீது. பள்ளியில் ஆய்தக் குறுக்கம் என்று இரண்டு மதிப்பெண் கேள்விக்கு 'கஃறீது, முஃடீது' என்று மனப்பாடம் செய்தோமே, அதுதான். அங்கே ஆய்தம் அரை மாத்திரையிலிருந்து கால் மாத்திரையாகக் குறைந்துவிடுமாம். அவ் + கடிய என்பதில் வகரமும் இப்படித்தான் தேய்ந்து அஃகடிய ஆகும். தேய்ந்த ஓசை என்பதால்தான் ஆய்தம் என்று மேலே சொன்னது இதை வைத்துத்தான்.

இந்தத் தேய்மானத்தை இலக்கண ஆசிரியர்கள் ரசித்திருக்கிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். ஆய்தம் குறையும் என்பதை நன்னூல் 'ஆய்தம் அஃகும்' என்றுதான் சொல்கிறது. அஃகுதல் என்றால் சுருங்குதல். தொல்காப்பியமும் 'ஆய்தம் அஃகாக் காலையான' என்கிறது. குறைகிறது என்பதற்குக் குறைதல், சுருங்குதல், குன்றுதல் என்று எத்தனையோ சொல் இருக்க, இரண்டு பேரும் நடுவில் ஆய்தம் இருக்கும் சொல்லையே எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

தொல்காப்பியத்தில் இதே இடத்தில் எனக்குப் பிடித்த இன்னொரு சங்கதி இருக்கிறது. நிறத்தையும் ஓசையையும் குறிக்கும் சில குறிப்புச் சொற்களில் ஆய்தம் நீண்டு ஒலிக்கலாம் என்று ஒரு நூற்பா. உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டு கஃறென்றது, சுஃறென்றது. முன்னது நிறம், பின்னது ஓசை. இன்றைக்குக் 'கருகரு'ன்னு இருக்கு என்கிறோம், தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் 'சுர்'னு சத்தம் வந்தது என்கிறோம் இல்லையா, அந்த வகைச் சொற்கள். பேச்சில் அழுத்தம் கொடுக்க எழுத்தை நீட்டுவது வாட்ஸாப் காலத்துப் பழக்கம் என்று யாராவது சொன்னால் இந்த நூற்பாவைக் காட்டலாம்.

செய்யுளில் ஃ-க்கு இருந்த வேலை தனி. வெண்பா எழுதிப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். சீரைக் கட்டும் ஓசைத் துண்டுக்கு அசை என்று பெயர். 'அது' என்பது இரண்டு குறில், சேர்ந்தால் ஒரே அசை, நிரையசை. 'அஃது' என்று எழுதினால் ஃ ஒற்றாக நின்று அசையை வெட்டிவிடுகிறது: அஃ, து. இரண்டு நேரசை, அதாவது ஒரு முழு இயற்சீர். திருக்குறள் 49ஐ எடுத்துக்கொள்ளுங்கள்.

அறனெனப் பட்டதே இல்வாழ்க்கை அஃதும்
பிறன்பழிப்ப தில்லாயின் நன்று.

நான்காம் சீர் 'அஃதும்'. அங்கே 'அதும்' என்று போட்டால் ஒரே அசைதான் மிஞ்சும், குறளின் முதலடியில் ஓரசைச்சீருக்கு இடமில்லை. போதாததற்கு, முன்னால் உள்ள இல்வாழ்க்கை காய்ச்சீர் (நேரில் முடியும் மூவசைச் சீர்), அடுத்தது நேரில் தொடங்கினால்தான் தளை, அதாவது சீரும் சீரும் சேரும் கட்டு, தட்டாது. 'அதும்' நிரையில் தொடங்குகிறது. மூன்று புள்ளி வைத்ததும் இரண்டு சிக்கலும் ஒரே நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. இன்னும் தேவைப்பட்டால் ஃ-ஐ இரட்டித்தும் எழுதுவார்கள், 'வெஃஃகுவார்க் கில்லை வீடு' என்று ஒற்றளபெடைக்கு (ஒற்று நீண்டு ஒலிப்பதற்கு) எடுத்துக்காட்டே இருக்கிறது.

குறள் 178இல் இரண்டு ஆய்தம். 'அஃகாமை செல்வத்திற்கு யாதெனின் வெஃகாமை வேண்டும் பிறன்கைப் பொருள்.' கையில் இருக்கும் செல்வம் சுருங்காமல் இருக்க வேண்டுமா, அடுத்தவன் கைப்பொருளுக்கு ஆசைப்படாதே. முதல் சீரும் நான்காம் சீரும் ஃகாமை, ஃகாமை என்று எதுகையில் பூட்டிக்கொள்கின்றன. 1037இல் வருவது கஃசு. ஒரு பலம் (பழைய எடை அளவு) புழுதி கால் பலமாகக் காயும்படி உழுது ஆறப்போட்டால் ஒரு பிடி எருகூட வேண்டாம், பயிர் செழிக்கும் என்று உழவைப் பற்றிய குறள். அந்தக் கால் பலத்துக்குப் பெயர் கஃசு. எடை, அளவு, குறைவது என்று இந்த எழுத்து சுற்றிச் சுற்றி அங்கேயே வருகிறது, தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. ஆத்திசூடியில் ஔவையார் வரிசையாக அ முதல் ஔ வரை முடித்துவிட்டு ஃ-க்கு என்ன செய்தார்? 'அஃகஞ் சுருக்கேல்.' அஃகம் என்றால் தானியம். தானியத்தை அளவு குறைத்து விற்காதே. சின்ன வயதில் இந்த வரியைக் கத்திக் கத்திச் சொன்னபோது பொருள் தெரியாது. ரேஷனில் 20 கிலோ அரிசி வாங்கி வந்து வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்த ஒரு நாள் அப்பா இதைச் சொல்லிச் சிரித்தபோதுதான் தெரிந்தது.

அகராதியைத் திறந்தால் இன்னொரு வேடிக்கை. வரிசையில் ஃ உயிருக்குப் பின், மெய்க்கு முன். ஆகவே சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைத் திறந்ததும் அ என்ற தனி எழுத்தை முடித்த கையோடு அம்மா வரமாட்டாள், அகம் வராது. அஃகம், அஃகு, அஃகேனம், அஃது, அஃறிணை என்று ஆய்தப் படைதான் முதலில் நிற்கும். நடுவில் அஃகுல்லி என்று ஒரு சொல், உக்காரி என்ற பலகாரத்துக்குப் பெயராம், தீபாவளிக்கு உக்காரை கிளறும் வீடுகளில் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆயிரக்கணக்கான பக்கம் உள்ள அகராதியின் வாசலில் நிற்பது நாம் அநேகமாகப் பயன்படுத்தாத சொற்கள்.

ஏன் பயன்படுத்தாமல் போனோம்? அஃது, இஃது எல்லாம் அது, இது ஆகிவிட்டன. முப்பஃது முப்பது ஆனது. சைவ சித்தாந்த நூல்களில் 'இருபா இருபஃது' என்று நூற்பெயரில் மட்டும் உறைந்து நிற்கிறது. மூச்சு அளவே உள்ள ஓசை, அதை விட்டாலும் பொருள் மாறுவதில்லை, அப்புறம் வாய் எதற்கு மெனக்கெடும்? எழுத்து நடையில் 'உயிரெழுத்துக்கு முன் அஃது, மெய்யெழுத்துக்கு முன் அது' என்ற விதியைச் சிலர் இன்னும் கடைப்பிடிக்கிறார்கள், 'அஃது உண்மை', 'அது பொய்' என்று. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது, ஒரு பக்கத்தில் ஏழெட்டு வந்தால் கொஞ்சம் மேடைப்பேச்சு வாடை அடிக்கும். மற்றபடி இன்றைய சாதாரண எழுத்தில் பிழைத்திருக்கும் பழைய ஆய்தச் சொற்கள் அஃறிணை, எஃகு, அஃதாவது என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். அஃறிணை தமிழ் வகுப்போடு சரி. எஃகைக் கூட இலங்கையில் உருக்கு என்பார்கள். பழைய பாடல்களில் எஃகு என்றால் வேல், கூரிய படை. 'செறுநர் செருக்கறுக்கும் எஃகு' என்று பணத்தைச் சொல்கிறது குறள் 759. கன்னடத்திலும் தெலுங்கிலும் இதன் உறவுச் சொல் உக்கு. அங்கேயும் அந்த மூச்சு கரைந்து க் இரட்டித்துவிட்டது பாருங்கள்.

மொழியியல்காரர்கள் இந்த மூச்சை விடுவதாக இல்லை. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் பெரிய பெயரான பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி, மூலத் திராவிட மொழியில் தொண்டையில் பிறக்கும் ஓர் ஒலி இருந்திருக்க வேண்டும், தமிழின் ஆய்தம் அதன் எச்சம் என்று வாதிட்டார். பத்து, இருபது, இருபஃது, இருபான் என்று ஒரே சொல் ஏன் இத்தனை உருவம் எடுக்கிறது என்பதற்கு அப்படி ஓர் ஒலி இருந்தது என்று வைத்துக்கொண்டால் விடை கிடைக்கிறது: ஓரிடத்தில் அடுத்த மெய்யை இரட்டித்தது, ஓரிடத்தில் முன் உயிரை நீட்டியது, ஓரிடத்தில் ஃ ஆகவே நின்றது, ஓரிடத்தில் காணாமல் போனது.

இப்படிக் கையில் அதிகம் வேலை இல்லாமல், ஆனால் அட்டையில் இடத்தோடும் அச்சுப்பெட்டியில் எழுத்தோடும் இருந்த ஃ-க்கு 20ஆம் நூற்றாண்டில் வேலை வந்தது. ஆங்கிலத்திலிருந்தும் அரபியிலிருந்தும் வரும் எஃப் ஓசையை எழுதத் தமிழில் எழுத்து இல்லை. ஸ, ஜ, ஷ, ஹ என்று கிரந்தம் கை கொடுத்த மாதிரி இதற்குக் கிரந்தத்திலும் ஆள் கிடையாது, வடமொழியிலேயே அந்த ஓசை இல்லையே. ஃ காற்றோசை, ப உதட்டோசை, இரண்டையும் சேர்த்தால் உதட்டில் காற்று, எஃப். யோசித்துப் பார்த்தால் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு.

இலக்கணப்படி பார்த்தால் மட்டும் அடிதடி. மேலே சொன்ன மூன்று நிபந்தனை நினைவிருக்கிறதா? ஃபேன்: ஃ சொல்லின் முதலிலேயே வந்துவிட்டது, முன்னால் குறிலும் இல்லை ஒன்றும் இல்லை. சோஃபா: முன்னால் இருப்பது நெடில். லிஃப்ட்: பின்னால் வருவது உயிரில்லாத ப். மூன்று சொல்லில் மூன்று விதியும் காலி. விதிக்கு அப்படியே பொருந்தி வருவது கஃபே, முஸ்தஃபா மாதிரி சில சொற்கள்தான். இன்னொரு விஷயம், பழைய சொற்களில் ஃ-க்குப் பின்னால் கவும் தவும் றவும் வந்த அளவுக்குப் ப வராது, இன்றைக்கு அது ஒன்றுதான் வருகிறது. பிற மொழிச் சொல்லைத் தமிழ் எழுத்துக்குள் அடக்கி எழுது என்பதுதான் தொல்காப்பியர் வடசொல்லுக்குச் சொன்ன வழி, அதன்படி பேன், சோபா, லிப்ட் என்று எழுதினால் போதும் என்பது ஒரு கட்சி. நாளிதழ்களிலும் அரசு அறிவிப்புகளிலும் நெடுங்காலம் அப்படித்தான் ஓடியது, இன்றைக்கும் பல இடத்தில் ஓடுகிறது.

அந்தக் கட்சியின் கஷ்டம் எனக்கு ஒரு வாடகை விளம்பரத்தில் புரிந்தது. கல்யாணத்துக்கு முன் அறை தேடிக்கொண்டிருந்தபோது ஒரு மேன்ஷன் சுவரில் 'ரூமில் பேன் உண்டு' என்று ஒட்டியிருந்தார்கள். போய்த் தங்கிய பிறகு அந்த அறிவிப்பு இரண்டு விதத்திலும் உண்மை என்று தெரிந்தது. எங்கள் தெருமுனை வண்டிக்கடையில் 'பாஸ்ட் புட்' என்று எழுதியிருக்கும், வெளியூரிலிருந்து வந்த பெரியம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு "என்ன புட்டுப்பா அது, குழாப்புட்டா?" என்று கேட்டார். பில்டர் என்றால் காபி போடும் சாதனமா, வீடு கட்டுகிறவரா? பீஸ் கட்டணும் என்றால் பள்ளிக்கூடம், பீஸ் வெட்டணும் என்றால் சிக்கன் கடை. பேச்சில் இது பிரச்சினையே இல்லை, எஃப்-ஐப் ப என்று சொல்கிறவரும் உண்டு, ஆங்கிலம் தெரிந்துவிட்ட மிதப்பில் ப-வையெல்லாம் எஃப் ஆக்குகிறவரும் உண்டு, சூழலை வைத்து நாம் புரிந்துகொள்கிறோம். எழுத்தில்தான் இடறுகிறது.

ஆட்களின் பெயர் என்று வரும்போது இது இன்னும் கூர்மையாகிறது. ஃபாத்திமா, ஷஃபி, யூசுஃப், லத்தீஃப். இந்தப் பெயர்களைப் பாத்திமா, சபி என்று வகுப்புப் பதிவேட்டில் எழுதினால் பெயருக்கு உரியவருக்குச் சுருக்கென்றுதான் இருக்கும். சபி என்றால் தமிழில் சாபம் கொடு என்று வேறு பொருள். மின்விசிறிக்கு ஃ வைப்பதா வேண்டாமா என்று தகராறு செய்யலாம், ஒருவர் தன் பெயருக்கு வைத்துக்கொண்டால் அதில் நமக்கு என்ன பேச்சு?

ஃ வைத்துவிட்டால் எல்லாக் குழப்பமும் தீர்ந்துவிடும் என்றும் இல்லை. ஆஃப் என்று எழுதினால் சுவிட்சை அணைப்பதா, பாதியா? ஓட்டல் பலகையில் ஆப்பாயில் என்று இருக்கிறதே, அது பாதி வேகவைத்த முட்டை, மூலத்தில் அதற்குள்ளும் ஓர் எஃப் இருந்தது, ஆப்பத்துக்குத் தம்பி போலாகி இப்போது முழுத் தமிழ்ச் சொல் ஆகிவிட்டது. காபியும் அப்படித்தான். காப்பி, காபி, காஃபி என்று மூன்று விதமாகவும் எழுதுகிறோம், ஆனால் டிகிரி காபி கடைப் பலகையில் காஃபி என்று பார்த்தால் விலை பத்து ரூபாய் கூட இருக்குமோ என்று தோன்றுகிறது. பிப்ரவரிக்கு (இலங்கையில் பெப்ரவரி) யாரும் ஃ கேட்பதில்லை. தென்னாப்பிரிக்காவுக்கும் அப்படியே. நெடுநாள் புழங்கி ஊறிய சொல் ப-வோடு நிம்மதியாக இருக்கிறது, நேற்று வந்த சொல்தான் ஃ கேட்கிறது. ஃ இருக்கிறதா இல்லையா என்பதை வைத்தே ஒரு சொல் எப்போது வீட்டுக்குள் வந்தது என்று உத்தேசமாகச் சொல்லிவிடலாம்.

இந்தப் புது வேலை பரவியதும் ஆளாளுக்கு ஃ-ஐ வேறு வேலைக்கும் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கிரந்த ஹ பிடிக்காதவர்கள் 'ஃகாலிவுட்' என்று எழுதுகிறார்கள். ஜிப்பில் வரும் அந்த ரீங்கார ஓசைக்கு ஃஜ என்று எழுதிப் பார்த்தவர்களும் உண்டு. முன்னது பழைய ஆய்த ஓசைக்கு நெருக்கம் என்ற நியாயமாவது இருக்கிறது. ஆனால் இவை ஊன்றவில்லை. படிக்கிறவர் ஃ-ஐப் பார்த்ததும் எஃப்-க்குத் தயாராகிவிடுகிறார், அக்கா மகள் மாதிரியே.

கணினியில் ஃ-க்கு நடந்தது வேறு கூத்து. யூனிகோடில் இந்திய எழுத்துகளுக்கு இடம் ஒதுக்கியபோது தேவநாகரி வரிசையை அச்சாக வைத்து மற்ற மொழிகளையும் அதே ஒழுங்கில் அடுக்கினார்கள். தேவநாகரியில் விசர்க்கம் உட்கார்ந்திருக்கும் அதே வரிசை இடத்தில் தமிழில் ஃ உட்கார வைக்கப்பட்டது, அதிகாரபூர்வப் பெயரும் 'தமிழ் விசர்க்கக் குறி' என்ற பொருளிலேயே அமைந்துவிட்டது. பக்கத்தில் ஆய்தம் என்று ஒரு குறிப்பு உண்டு, பெயரை மட்டும் இனி மாற்ற முடியாது, யூனிகோடில் ஒரு முறை வைத்த பெயர் வைத்ததுதான். விசர்க்கம் எழுத்தின் பின்னால் ஒட்டும் இரட்டைப் புள்ளி, நமஹ என்பதன் கடைசியில் வருவது. ஆய்தம் தனி எழுத்து. இதனால் ஒரு பக்க விளைவு: தேவநாகரியிலிருந்து தானாகத் தமிழுக்கு மாற்றும் மென்பொருள் விசர்க்கத்தைக் கண்ட இடமெல்லாம் ஃ போடும். இணையத்தில் சுலோகம் தேடினால் 'நமஃ' என்று வரிக்கு வரி முடிவதைப் பார்த்திருப்பீர்கள். அச்சுப் புத்தகத்தில் இரட்டைப் புள்ளியோ ஹவோ இருக்கும் இடம் அது. சொல்லின் கடைசியில் ஆய்தம் வராது என்ற மிச்சமிருந்த விதியும் இப்படிப் போயிற்று.

தட்டச்சுப் பலகையில் அதற்குக் கிடைத்த இடமும் கவனிக்கத்தக்கது. தமிழ்99 பலகையில் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு எஃப் விசையைத் தட்டினால் ஃ வரும். ஆங்கில ஒலிப்படி தட்டும் பலகைகளில் பொதுவாகக் க்யூ விசை. தமிழ்99 பழகியவன் என்பதால் எனக்கு ஃ என்றாலே எஃப் விசை என்று விரலில் பதிந்துவிட்டது. தமிழ் கணக்கு நோட்டில் 'எனவே' என்பதற்கு மூன்று புள்ளிக் குறி போடுவோம் அல்லவா, அதைக் கணினியில் தேடிச் சலித்து ஃ-ஐயே போட்டு வினாத்தாள் அடித்துக் கொடுத்ததும் உண்டு. யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அக்கா மகளுக்கு என்ன பதில் சொன்னேன்? "அது முதல்ல எஃப் இல்ல, இப்போ எஃப்பும் பார்த்துக்குது" என்றேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, குச்சியைப் போட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள். நான் எழுதும்போது வைத்திருக்கும் கணக்கு இவ்வளவுதான்: ஃபேன், ஃபைல், ஃபீஸ் என்று ப போட்டால் வேறு சொல்லாகிவிடும் இடத்தில் ஃ போடுவேன், ஆட்களின் பெயருக்கு அவர்கள் எழுதுகிறபடி எழுதுவேன், காபிக்கும் பிப்ரவரிக்கும் போடமாட்டேன், அஃது என்று எழுதக் கை வந்தால் ஒரு தடவை யோசிப்பேன். ஆப்பாயிலில் மட்டும் யார் சொன்னாலும் கை வைக்கமாட்டேன்.